தாயம் விழுந்தால் கதவு திறக்கும்

கேள்வி: 'டி அண்ட் டி' என்கிறார்களே, அது என்ன விளையாட்டு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– ஆர்.எம். காலனி வாசகர்

பதில்: "கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். காவலாளி குறட்டை விடுகிறான். என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் அவரவர் ஏற்ற பாத்திரமாகவே பதில் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அதுவரை பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாடிக்கொண்டிருந்தவர்கள், படையை விட்டுவிட்டு அதில் ஒரே ஒரு ஆளாக நாம் இருந்தால் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்று வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கேள்வி: காலேஜில் படிக்கும் என் மகன், நண்பர்களோடு ராத்திரி வெகுநேரம் பகடை உருட்டுகிறான். சூதாட்டமோ என்று பயமாக இருக்கிறது.
– சின்னாளபட்டி தாய் ஒருவர்

பதில்: பந்தயம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் அம்மா. இந்த விளையாட்டில் காசு இல்லை. சூதில் எதிரே உட்கார்ந்திருப்பவன் இழந்தால்தான் நமக்கு வரவு. இதில் பக்கத்தில் இருப்பவன் பிழைத்தால்தான் நாமும் பிழைப்போம். அடுத்த முறை டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் மகன் எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். யாரும் இதுவரை ஆடியதில்லை. எந்த சிஸ்டத்தில் தொடங்கலாம்? எல்லோரும் டி அண்ட் டிதான் என்கிறார்கள்.
– காந்திகிராம மாணவர்

பதில்: முதல் ஆட்டத்துக்கு அது வேண்டாம் தம்பி. அதன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' மட்டுமே 300 பக்கத்துக்கு மேல். சண்டைக்கு அதைப்போல இன்னொன்று இல்லை. யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார், எந்த மந்திரம் எத்தனை அடி தூரம் பாயும் என்று நுணுகி ஆடுபவர்களுக்கு அது விருந்து. ஆனால் புதிதாக வருபவன் முதல் இரண்டு மணி நேரத்தைப் படிவம் நிரப்புவதிலேயே கழித்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று எழுந்து போய்விடுகிறான். நான் பார்த்த மேசைகளில் ஆட்டம் கலைந்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கும் விதிகளோடு தொடங்குங்கள். ஆறு மாதம் ஆடியபின் விதி போதவில்லை என்று உங்களுக்கே தோன்றும். அப்போது டி அண்ட் டிக்குப் போனால், ஒவ்வொரு விதியும் எதற்காக இருக்கிறது என்று புரியும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதை யாரும் தமிழில் பெயர்த்து அச்சிடலாம், விற்கவும் செய்யலாம்.

கேள்வி: எங்கள் ஆட்டத்தில் ஒரு பூட்டு. திருடன் வேடத்தில் இருப்பவர் பகடை உருட்டினார், எண் குறைந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. அப்புறம் அரை மணி நேரம் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தவறு எங்கே?
– நாகல் நகர் வாசகர்

பதில்: பூட்டுக்குப் பேர்போன நம் திண்டுக்கல்லின் நாகல் நகரிலிருந்தே பூட்டைப் பற்றிக் கேள்வியா! தவறு பகடையில் இல்லை, 'திறக்கவில்லை' என்ற வெற்றுப் பதிலில் இருக்கிறது. தோல்வியும் கதையை எங்காவது தள்ள வேண்டும். சாவி உள்ளேயே ஒடியட்டும், நாய் குரைக்கட்டும், பின்னால் விளக்கு வெளிச்சம் தெரியட்டும்.

இதை விதியாகவே எழுதிவைத்தவர்கள் வின்சென்ட் பேக்கர், மெகே பேக்கர். அவர்களுடைய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' 2010-ல் வந்தது. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 10-ம் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடக்கும். 6-ம் அதற்குக் கீழும் என்றால் சிக்கல். நடுவில் 7 முதல் 9 வரை விழுந்தால், நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த நடு எண்கள்தான் மொத்த விளையாட்டின் உயிர். நம் ஊர்க் கைவினைஞர்கள் சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டு செய்தார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டு திறந்துவிட்டது, வீடும் விழித்துவிட்டது. 7 முதல் 9 என்பதற்கு அமெரிக்க நூல்கள் தரும் எந்த உதாரணமும் இவ்வளவு பொருத்தமாக இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. பகடையைத் தொடாமல், பூட்டை விவரியுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. மாங்காய்ப் பூட்டு, சாவித் துவாரமே கண்ணில் படாத ரகசியப் பூட்டு என்று எத்தனை வகை! "பூட்டின் முகத்தில் துவாரம் இல்லை. ஓரத்தில் ஒரு குமிழ் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். மேசையில் இருக்கும் ஐந்து தலைகளும் ஒன்றாகக் குனியும். பழைய பாணி ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இதைத்தான் வற்புறுத்துகிறார்கள்: பாத்திரத்தின் எண் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், ஆடுபவரின் மூளை வேலை செய்யட்டும். பூட்டு விஷயத்தில் நான் அவர்கள் கட்சி.

கேள்வி: டி அண்ட் டிக்கு வேண்டிய இருபது முகப் பகடை எங்கள் ஊரில் கிடைக்கவில்லை.
– வேடசந்தூர் வாசகி

பதில்: பாட்டி வீட்டுப் பரணில் தேடுங்கள், தாயக்கட்டை இருக்கும். பகடை நமக்குப் புதிதா என்ன? கீழடி மண்ணிலேயே யானைத் தந்தப் பகடை கிடைத்திருக்கிறது.

தாயக்கட்டையின் கணக்கைப் பாருங்கள். வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு கட்டைக்கு நாலு முகம். இரண்டு கட்டைகள் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3. ஒன்றான தாயத்துக்கும் ஐந்துக்கும் தலா 2. ஆறுக்கும், இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கும் தலா 1. இருபது முகப் பகடையில் எந்த எண்ணும் இருபதில் ஒரு பங்குதான். அதற்கு நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. தாயக்கட்டைக்கு ஒரு குணம் இருக்கிறது.

என் விதி இது. மறு ஆட்டம் தரும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் எண்ணியது நடக்கும்: 16-ல் 6. இரண்டோ நான்கோ விழுந்தால் விலையோடு நடக்கும்: இதுவும் 16-ல் 6. மூன்று விழுந்தால் சிக்கல்: 16-ல் 4. தொழில் தெரிந்த பாத்திரம் என்றால், ஏதாவது ஒரு கட்டையை மட்டும் எடுத்து இன்னொரு முறை உருட்டலாம். எழுதப் பாதிப் பக்கம் போதும். சின்ன வயதில் தாயம் ஆடிய யாருக்கும் எது நல்ல எண் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டை நிற்கும் முன்பே கூச்சல் கிளம்பிவிடும்.

கேள்வி: எனக்கு நடிப்பு வராது. நாலு பேர் முன்னால் வேடம் கட்டிப் பேசக் கூச்சமாக இருக்கிறது.
– வத்தலக்குண்டு வாசகர்

பதில்: கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' பார்த்திருப்பீர்கள். மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. அன்றிரவுதான் முதல்முறையாகச் சேர்ந்து மேடை ஏறுகிறவர்களும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த கதைப்போக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குள் வள்ளியும் நாரதரும் நடத்தும் தர்க்கத்தில் யார் என்ன கேட்பார், எதிராளி எப்படி மடக்குவார் என்பது அந்த நேரத்துச் சரக்கு. விடிய விடிய ஊர் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

இப்படிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் சூத்திரமும் இதுவே: தெரிந்த பார்ட், தெரியாத உரையாடல். 1974-ல் வந்த டி அண்ட் டி பெட்டியிலும் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே பார்ட்தான். திருடன் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தான். எழுதாத வசனத்தை விடியும்வரை பேசும் கலை நம் மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. குரல் மாற்ற வேண்டாம், அழவும் வேண்டாம். "என் ஆள் கதவோரமாக ஒதுங்கி நிற்கிறான்" என்று சொன்னால் போதும், அதுவும் நடிப்புத்தான்.

கேள்வி: பேய்க்கதை ஆட எது நல்லது?
– சிறுமலை வாசகர்

பதில்: 'கால் ஆஃப் கதுலு', 1981. திறமைகள் எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் இருப்பதால் விளக்க ஒரு நிமிடம் ஆகாது. டி அண்ட் டியில் பாத்திரம் வாரத்துக்கு வாரம் வலுவாகும். இதில் பார்க்கக்கூடாததைப் பார்க்கப் பார்க்க மனத்தெளிவு புள்ளி புள்ளியாகக் கரையும். பயத்துக்கு இதைவிடச் சரியான இயந்திரத்தை யாரும் இன்னும் செய்யவில்லை. மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள். மழை நாளாகப் பார்த்து ஆடுங்கள்.

கேள்வி: எல்ஃப், டிராகன், பனி மலை என்று எல்லாம் அந்நியமாக இருக்கிறது. நம் ஊரைக் களமாக வைத்து ஆட முடியுமா?
– ஒட்டன்சத்திரம் ஆசிரியர்

பதில்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே களம் இருக்கிறதே ஐயா! 1772-ல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகளோடு தப்பி, விருப்பாச்சியில் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் புகுகிறார். திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலியின் கையில். 1780-ல் சிவகங்கை மீட்கப்படுகிறது. நடுவில் எட்டு ஆண்டுகள், காடும் மலையும் ஒற்றர்களும் ஓலைகளும். இதற்குமேல் ஒரு களத்துக்கு என்ன வேண்டும்?

ஆனால் யாரையும் வேலு நாச்சியாராக ஆடவிடாதீர்கள். அவர் முடிவு வரலாற்றில் எழுதியாகிவிட்டது. பகடைக்கு அங்கே வேலை இல்லை. விருப்பாச்சியிலிருந்து கோட்டைக்கு ஓலை கொண்டுபோகும் நாலு பேராக ஆடுங்கள்: ஒரு வண்டிக்காரர், ஒரு பூட்டுக் கொல்லர், உருது தெரிந்த ஒரு வியாபாரி, வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பெண். சிவகங்கை மீளும் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். இந்த நாலு பேரும் அதைப் பார்க்க இருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அங்கேதான் நெஞ்சு அடிக்கும்.

அந்நியம் என்ற குறை உலக அளவிலும் மெல்லத் தீர்ந்துவருகிறது. டி அண்ட் டியின் 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' (2022) நூலில் எழுத்தாளர் மிமி மண்டல் வங்காள மண்ணின் சாயலில் ஒரு களம் எழுதியிருக்கிறார். தமிழ் மண்ணையும் நம்மில் ஒருவர் எழுதவேண்டும்.

கேள்வி: டி அண்ட் டியின் புதிய பதிப்பில் 'ரேஸ்' (இனம்) என்ற சொல்லையே எடுத்துவிட்டார்களாமே, விளையாட்டில் எதற்கு அரசியல்?
– பேகம்பூர் வாசகர்

பதில்: 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில், ஆர்க் என்ற அரக்க இனத்தின் கலப்பில் 'அரை ஆர்க்'காகப் பிறந்தவனுக்கு உடல் வலு 2 கூடும், அறிவு 2 குறையும், பிறரைக் கவரும் தன்மையும் 2 குறையும். பிறந்த குலத்தை வைத்து அறிவுக்கு எண் போடுவது அரசியல் இல்லையா? 2024 பதிப்பில் 'ரேஸ்' என்பது 'ஸ்பீஷீஸ்' ஆனது. திறன் எண்கள் பிறப்பை விட்டு, அந்தப் பாத்திரம் முன்பு வாழ்ந்த வாழ்க்கையோடு சேர்ந்தன. பிறப்பைச் சொல்லி மனிதனுக்கு மதிப்பெண் போட்ட கொடுமையை நன்றாக அறிந்தவர்கள் நாம். இந்த மாற்றத்தை முதலில் வரவேற்க வேண்டியவர்களும் நாமே. உங்கள் சொந்தக் களத்திலும் எந்தச் சாதிக்கும் எண் எழுதாதீர்கள்.

கேள்வி: கதை நடத்துபவர் மறைப்புக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லலாமா?
– நிலக்கோட்டை வாசகர்

பதில்: கூடாது. மேசை நடுவில் உருட்டுங்கள். விழுந்ததை ஏற்க மனமில்லை என்றால் உருட்டாமலே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கூட ஆட ஆளே இல்லை.
– நத்தம் வாசகி

பதில்: ஷான் டாம்கினின் 'அயர்ன்ஸ்வார்ன்' (2018) தனியாகவும் ஆடலாம், மின்நூல் இலவசம். ஒரு மாதம் ஆடுங்கள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து எட்டிப் பார்க்கும்.

கேள்வி: மேசையில் தமிழ் பேசலாமா, ஆங்கிலத்திலேயே ஆட வேண்டுமா? எங்கள் குழுவில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் தடுமாறி வாயே திறப்பதில்லை.
– சாணார்பட்டி மாணவி

பதில்: தமிழில் ஆடுங்கள் தங்கச்சி. விதியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும். கோபம் வந்தால் கோபம் தமிழில் வரட்டும், பேரம் நம் பூச்சந்தையில் நடப்பதுபோல் நடக்கட்டும். வாய் திறக்காத அந்தப் பாதிப் பேரிடம்தான் நல்ல கதைகள் இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி தாயக்கட்டையோடு உட்காருங்கள். வாயே திறக்காத ஒருவரிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.