மயிலைப் பூனையின் மாமிசச் செலவு: ஓர் ஆராய்ச்சி

மேலைநாடுகளில் ஃபெரெட் என்றொரு பிராணியை வீட்டில் வளர்க்கிறார்கள். தோற்றத்தில் நம் கீரிக்குத் தம்பி போலிருக்கும். குலத்தால் நீர்நாய்க்குப் பங்காளி. மாமிசம் தவிர வேறெதையும் தின்று அது தேறாது. ஆகவே மலிவு விலையில் பச்சைக் கறி தேடி அலைவது அதை வளர்ப்போரின் இரண்டாவது உத்தியோகம். இந்த ஆராய்ச்சி அதே சிக்கலைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக்களம் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்பதால் ஃபெரெட்டுக்குப் பதில் பூனை. வயிற்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கட்சி.

இத்துறையில் தொன்றுதொட்டு நிலவுவது தயிர்சாதக் கொள்கை. "எங்காத்துப் பூனை பதினாலு வருஷம் வெறும் தயிர்சாதத்துலயே இருந்தது" என்ற சான்று மாட வீதிகளில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். அந்தப் பூனை இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே எங்கே போய்வந்தது என்பதைச் சான்று சொல்பவர் எவரும் பதிவு செய்யவில்லை. எலி, ஓணான், பல்லி ஆகியோர் தரப்பு வாக்குமூலமும் பெறப்படவில்லை. மாறாக, டாரின் என்ற சத்து இல்லாத தீனி தின்ற பூனைகளுக்கு விழித்திரை கெடுகிறது என்று 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே குறையால் இதயம் வீங்கித் தளர்வதும், டாரின் கொடுத்தால் மீள்வதும் 1987இல் தெரியவந்தது. டாரின் கறியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் கிடையாது, தயிரில் பேருக்கு உண்டு. இனிப்பை உணரும் மரபணு பூனைக்குப் பழுது என்று 2005இல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் சொன்னார்கள். ஆகவே கபாலீசுவரர் கோயில் சர்க்கரைப் பொங்கலைப் பூனை முகர்ந்துவிட்டு நகர்வது நாத்திகம் அன்று.

தேவை எவ்வளவு? நான்கு கிலோ பூனைக்கு உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால் நாளுக்கு 120 கிராம், மாதத்துக்கு 3.6 கிலோ. இதற்காக உடற்பயிற்சிக்கூடத்து இளைஞர்களோடு போட்டிபோட்டு எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்குவது வீண் ஆடம்பரம். டாரின் கணக்கில் நெஞ்சைவிடத் தொடை உயர்ந்தது, தொடையைவிட இதயம் உயர்ந்தது. அந்த இதயமோ "ஈரல் கால் கிலோ" என்று கேட்டாலே ஒட்டிக்கொண்டு வருவது. ஈரலில்தான் நிதானம் வேண்டும். நாள்தோறும் ஈரலே தின்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். கழுத்து திரும்பாத பூனையால் அண்டை வீட்டை வேவு பார்க்க இயலாது. பச்சையாகவா, வேகவைத்தா என்ற வழக்கில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா வரலாம். வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வைக்க வேண்டும். சில மீன்களைப் பச்சையாகவே போட்டுவந்தால் வைட்டமின் பி1 அழியும் என்பதால் மீனுக்கு அடுப்பே நல்லது. கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்தில் நிர்ணயமாகிறது. பாண்டி பஜார் பூனையின் பட்ஜெட் திருப்பூர் மாவட்டத்தில் போடப்படுகிறது என்பதைப் பொருளியலார் கவனிக்க.

விலைப் பலகையில் ஏறாத செலவு ஒன்று உண்டு. இவ்வட்டாரத்தில் அதுதான் பெரிது. வாடகைக்கு வீடு தேடுவோர் "சைவர்களுக்கு மட்டும்" என்ற நிபந்தனையை அறிவார்கள். பூனை குடித்தனக்காரரா? 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வாடகை கொடுப்பவரைத்தான் குடித்தனக்காரர் என்கிறது. பூனை கொடுப்பதில்லை, ஆகவே நிபந்தனை அதைக் கட்டாது என்பது ஒரு சாரார் வாதம். வாடகை கொடுக்காமல் எல்லா அறைகளையும் அனுபவிப்பதால் அது வீட்டு உரிமையாளருக்கே சமம் என்பது மறுசாரார் வாதம். இதுவே வலுவுடையது. ஆனால் வீட்டுக்கார மாமி மாடிப்படியில் நின்றுகொண்டு "பையில என்னடிம்மா?" என்று கேட்கும்போது சட்ட நுணுக்கம் கைகொடுக்காது. எனவே கறி மஞ்சப்பையில், முளைக்கீரைக் கட்டுக்கு அடியில் ஏறுகிறது. கீரை பூனைக்கும் வேண்டாம், அன்றைய சமையலுக்கும் வேண்டாம்; ஆயினும் அதைக் கறியின் விலையோடுதான் கூட்ட வேண்டும். ஃப்ரீசரின் பின்வரிசையில் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா, தனிக் கத்தரிக்கோல், தனித் தட்டு, வாடை போக ஊதுவத்தி ஆகியவற்றையும் சேர்த்தால், கறிக்கு ஆகும் காசைவிடக் கறியை மறைக்க ஆகும் காசு அதிகம் என்பது என் துணிபு.

மீன் பக்கம் போனால் காற்று வேறு. நொச்சிக்குப்பத்தில் லூப் ரோட்டை ஒட்டி நடந்த வியாபாரம் பற்றி 2023இல் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கேள்வி கேட்டது. 2024இல் மாநகராட்சியின் புதிய மீன் அங்காடி திறந்தது. கூரை மாறினாலும் பேச்சு மாறவில்லை.

"ஏம்மா, பூனைக்குக் கொஞ்சம்..."

"இன்னா மாமி, வூட்டுப் பூனையா, தெருப் பூனையா?"

"ஆத்துப் பூனைதான்."

"அப்ப காரப்பொடி வாங்கினு போ. தல, செவுளு தெருப் பூனைக்கு."

விலங்கியல் இதைவிடத் தெளிவாக ஓர் இனத்தைப் பகுத்ததில்லை. கேட்பவர் நெற்றியில் விபூதியோ நாமமோ இருந்தால் "பூனைக்கு" என்பது உடனே நம்பப்பட்டு ஒரு கை கூடுதலாக விழுகிறது. வெறும் நெற்றியோடு கேட்டால் குழம்புக்குத்தான் என்று கொண்டு முழு விலை சொல்கிறார்கள். சைவத் தோற்றத்துக்கு மீன் சந்தையில் தள்ளுபடி உண்டு என்பதை இதற்குமுன் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அடுத்தது பஞ்சாங்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகுகள் போகலாம்தான். ஆனால் வஞ்சிரம் தின்றவர்களெல்லாம் கவலை மீனுக்கு இறங்கிவந்து பூனையின் பங்கில் கைவைக்கிறார்கள். திருவள்ளுவர் நாள், மகாவீர் ஜயந்தி, வள்ளலார் நினைவு நாள் ஆகியவற்றில் மாநகராட்சி உத்தரவால் கறிக்கடைகள் மூடப்படும். மயிலாப்பூரில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார்; பூனைக்கு விதிவிலக்கு எழுதவில்லை. வள்ளலார் விஷயம் இன்னும் நுட்பமானது. அவர் புலாலை விலக்கினார். பசி தீர்ப்பதையே சீவகாருண்யத்தின் தலையாகவும் வைத்தார். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் நினைவு நாளில் பூட்டிய கறிக்கடை வாசலில் பசித்து உட்கார்ந்திருக்கும் பூனை எந்தக் கட்டளையின் கீழ் வரும்? முதல்நாள் சாயங்காலமே வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவதே இதற்கு நடைமுறைச் சித்தாந்தம்.

பூனையின் பொற்காலம் புரட்டாசி. பெருமாளை முன்னிட்டு ஊர் கறியை விடுகிறது. கடைகளில் கூட்டம் வற்றி, கோழி விலையும் பெரும்பாலும் இறங்குகிறது. புரட்டாசிச் சனிக்கிழமை நாமத்தோடு கறிக்கடை வாசலில் ஒருவர் நிற்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்பதால், பாய் வாய் திறந்து கேட்காமலே கழுத்தையும் இதயத்தையும் பொட்டலம் கட்டிவிடுகிறார். ஐப்பசி பிறந்தால் தீபாவளி விலை வந்துவிடும். டப்பாவை நிரப்பிக்கொள்ள இதுவே தருணம். ஆனால் அதே மாதத்தில்தான் நவராத்திரியும் வந்து, ஒன்பது நாள் சுண்டலுக்குத் துருவிய தேங்காய் ஃப்ரீசரின் முன்வரிசையைப் பிடித்துக்கொள்கிறது. துருவிய தேங்காய்க்கும் கோழி இதயத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.