கூடத்தொலி: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

ஹோம் தியேட்டர் குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. இப்படிச் சொல்லித்தான் எந்த ஆய்வேடும் தொடங்க வேண்டும் என்பது மரபு. அதனால் நாமும் சொல்லி வைக்கிறோம். வெளிவந்திருந்தால் படிக்க வேண்டிவரும் என்பதால் தேடிப் பார்க்கவில்லை.

எல்லை

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, தெற்கிலும் மேற்கிலும் காவிரி. செங்குத்து எல்லையும் உண்டு: மேலே மாடிக் குடித்தனக்காரர், கீழே வீட்டு ஓனர்.

முன்னோடிகள்

ஒலி சேலத்தில் பிறந்தது என்பது எம் துணிபு. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் இந்த ஸ்டுடியோவின் தயாரிப்பாகத்தான் வந்தது. அதாவது கேரளம் திரையில் வாய் திறந்ததே சேலத்துச் செலவில். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி ‘ஃபேன்டேசியா’ படத்துக்காக அரங்கைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்து ‘ஃபேன்டசவுண்ட்’ என்ற முறையைக் காட்டியது 1940-ல். இரண்டுக்கும் நடுவே இரண்டே ஆண்டு. டிஸ்னி சேலத்தைப் பார்த்துத்தான் செய்தார் என்று நிறுவ இடமுண்டு. நிறுவ இடமிருந்தாலே நிறுவியதாகக் கொள்வது தற்கால ஆய்வு நெறி. சான்றுக்கு ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காண்க. வளைவு பேசாது, ஆகவே மறுக்கவும் மறுக்காது.

டிஸ்னிக்கு அந்தச் சாமான்களின் செலவு கட்டுப்படியாகவில்லை; சில ஊர்களோடு நிறுத்திக்கொண்டார். அதன்பின் 1965-ல் ரே டால்பி லண்டனில் கம்பெனி தொடங்கியதும், 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி முத்திரையோடு வந்ததும், பிறகு எங்கள் தெருவில் கல்யாணச் சீர்வரிசையில் கட்டில், பீரோவுக்கு அடுத்தபடியாக ஹோம் தியேட்டர் இடம்பிடித்ததும் அனைவரும் அறிந்த வரலாறு.

அரங்கின் அளவு

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கம் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், மேடை உயரம் 1 கோல், மேலே உத்தரப் பலகை வரை 4 கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல். நம் வாடகை வீட்டுக் கூடத்தை இந்த முறையில் அளக்க முற்பட்டபோது, யாருடைய பெருவிரல் என்ற சிக்கல் எழுந்தது. எலெக்ட்ரீஷியனின் விரலுக்கு 7 கோல் வரும் கூடம், வீட்டு ஓனரின் விரலுக்கு இன்னும் விசாலமாகிவிடுகிறது. வாடகையும் அந்த விரலால்தான் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு குறையை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம். அறையின் நீளம் உயரத்தைப்போல் சரி இரட்டிப்பாக இருக்கக்கூடாது என்பது ஒலியியலார் விதி. இருந்தால் இரண்டு திசையிலும் ஒரே தாழொலி அதிர்வுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு மூலையில் பேஸ் கும்மென்று அடைக்கும், இன்னொரு இடத்தில் காணாமலே போகும். நீளம் 8, உயரம் 4 என்று வைத்த இளங்கோவடிகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாதவி சப்வூஃபர் வைத்து ஆடவில்லை என்பது மட்டுமே அவருக்குச் சாதகம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை சொல்லிவிட்டதால் மன்னிக்கலாம். கூடத்தில் கனமான திரை மாட்டினால் கீச்சுக்குரல் எதிரொலி அடங்கும்.

வாங்கல்

பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. 10,000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதைச் செருகும் பிளக் பாயின்ட் 6 ஆம்பியர், மின்சாரம் 230 வோல்ட், பெருக்கினால் 1,380 வாட்ஸ். பாக்கி 8,620 வாட்ஸ் கடைக்காரரின் வாயிலிருந்து வருகிறது என்பர் ஒரு சாரார் (சின்ன மாமா, வாய்மொழி). தொடர்ந்து தாங்கும் உண்மை அளவு ஆர்.எம்.எஸ். அது பெட்டியின் அடியில், எறும்புக்கு எழுதிய எழுத்தில் இருக்கும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் படிப்பவரைக் கடைப்பையன் சந்தேகத்தோடு பார்ப்பான். சேலம் ஐந்து ரோட்டில் நாம் களத்தில் திரட்டிய தரவு இது:

“ஏனுங்ணா, பேஸ் நல்லா வருமுங்களா?”

“கீழ் வீட்டு பீரோக் கதவு தானாத் தொறக்குமுங்க.”

இதற்குமேல் எந்த ஆய்வகச் சான்றிதழும் தேவையில்லை என்று வாங்குபவர் மனம் கனிந்து பர்ஸை எடுக்கிறார்.

இருத்தல்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 என்ற பரிந்துரைப்படி, முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நடுவிலிருந்து 30 டிகிரியில், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள். ஜெனீவாவில் உட்கார்ந்து இதை வகுத்தவர்கள் நமது கூடத்தைப் பார்த்ததில்லை. வலப்பக்கம் 110 டிகிரியில் பூஜை அறை, இடப்பக்கம் 110 டிகிரியில் தலைவாசல்.

தமிழ் மரபில் தீர்வு உண்டா என்றால், எதற்குத்தான் இல்லை? ஐந்து ஸ்பீக்கரும் ஐந்திணையே. வசனம் கூடிவரும் நடு ஸ்பீக்கர் குறிஞ்சி. டிவி ஸ்டாண்டிலேயே ஆற்றியிருக்கும் இடது முன் முல்லை. ஷோகேஸ் பொம்மைகளோடு இடத்துக்குச் சண்டைபோடும் வலது முன் மருதம். திவான் கட்டிலுக்குப் பின்னால் கிடந்து முனகுவது நெய்தல். ஒயர் எட்டாமல் பிரிந்து கிடப்பது பாலை. அளவு மீறிப் பொங்கும் புள்ளி ஒன்றான சப்வூஃபர் பெருந்திணை என்பது வெளிப்படை. பதில் வராத ரிமோட் கைக்கிளை. எனவே 5.1 தொல்காப்பியர் அறிந்ததே. இந்த ரகக் கட்டுரைகளை நான் கருத்தரங்குகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கருக்குப் பதில் அணுவோ விமானமோ இருக்கும்.

ஒயர் இழுப்பதில் முதலாசிரியர் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டு உரையில் எங்கோ இருக்கும் சொல்லை எடுத்துப் பல அடிகள் தள்ளி இன்னொரு சொல்லோடு மாட்டுவார். இதற்காக மறைமலையடிகள் அவரைக் கண்டித்தும் எழுதினார். நமது எலெக்ட்ரீஷியன் அதே நெறியில் ஒயரைத் திவானுக்கு அடியில் நுழைத்து, பீரோ முதுகில் ஏற்றி, பூஜை அறை நிலைக்கு மேலாகக் கொண்டுபோய், கடைசியில் தவறான ஸ்பீக்கரில் மாட்டினார். சிவப்பு, கறுப்பு இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, “ரெண்டும் கரண்ட்டு தானுங்க” என்றார். மாற்றினால் ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். நடுவில் இருப்பவருக்கு பேஸ் செத்துப்போகும். சுவர்க்கடிகார பேட்டரியை ஒயர் நுனியில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் தெரியும்: கூம்பு வெளியே வந்தால் நேர், உள்ளே போனால் மாற்று.

பூஜை அறை நிலைக்கு மேலே ஸ்பீக்கர் அமைந்ததால் விளைந்த பயன் ஒன்று. அம்மன் படங்களில் கொலுசுச் சத்தம் முன்னாலிருந்து பின்னுக்குச் சுற்றிவரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைக் காலமெல்லாம் கேட்டு வளர்ந்த அம்மாயிக்கு அது எந்த அறையிலிருந்து வருகிறது என்பதில் ஐயம் எழவில்லை. கற்பூரம் ஏற்றினார். ஜெனீவா வகுத்த கோணம் சரிதான் என்று அன்று ஒப்புக்கொண்டோம்.

வெப்பம்

20 டிகிரியில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். 40 டிகிரியில் ஏறத்தாழ 355. ஆகவே சித்திரை வெயிலில் சேலத்துக்காரர், ஸ்பீக்கருக்கு 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, மலைக்குளிரில் இருக்கும் ஏற்காட்டுக்காரரைவிட வசனத்தைச் சுமார் 0.4 மில்லிவினாடி முன்னதாகவே கேட்டுவிடுகிறார். வட்டாரப் பெருமை பேசும் நூல்கள் இதை விட்டுவிட்டது வியப்பே.

முட்டை அட்டை இயல்

இதுவே இந்த ஆய்வின் உயிர். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை வினாடி அடங்காமல் சுற்றியது. (சொன்னவர் பேராசிரியர் என்பதால் அறை மட்டுமே காரணமா என்பதும் ஆய்வுக்குரியது.) சரிசெய்யச் சொல்லி இளம் ஆசிரியர் வாலஸ் சபைனைக் கேட்டார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். நவீன அறை ஒலியியல் பிறந்தது இந்த மெத்தைக் கடத்தலில்தான்.

சபைன் நாமக்கல்லில் பிறந்திருந்தால் மெத்தை சுமந்திருக்கமாட்டார். 30 முட்டை பிடிக்கும் காகிதக்கூழ் அட்டை இங்கே கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டாலும் வீட்டில் சேரும். அதைச் சுவரெல்லாம் ஒட்டினால் எதிரொலி போகும் என்ற கொள்கை உலகெங்கும் உண்டு. ஆனால் முட்டை ஊரில் அது கொள்கையாக நிற்காமல் சமயமாக வளர்ந்து, இரண்டாகப் பிரிந்தது. குழி அறையைப் பார்க்க ஒட்ட வேண்டும் என்போர் குழிமுகவாதிகள். மேடு அறையைப் பார்க்க வேண்டும் என்போர் மேட்டுமுகவாதிகள். குழியில் விழுந்த ஒலி ஏறி வராது என்பது முன்னவர் வாதம் (சின்ன மாமா, வாய்மொழி, திருத்திய இரண்டாம் பதிப்பு, அத்தை அருகில் இல்லாதபோது). மேட்டில் மோதிய ஒலி சிதறிச் சாகும் என்பது பின்னவர் கூற்று (கோழிப்பண்ணைக் கணக்கப்பிள்ளை, ‘அட்டையின் குழிவும் ஓசையின் நழுவலும்’, லோடு சீட்டின் பின்பக்கம், நீல மையில், முற்பகுதி மழையில் நனைந்தது, பிற்பகுதியில் அன்றைய முட்டை விலை மட்டும் வாசிக்கக் கிடைக்கிறது). அட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் குழியும் மேடும் இருக்கிறதே என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்டான். இரு தரப்பும் கருத்து ஒருமித்த ஒரே இடம் அவனை வெளியே அனுப்பியதுதான்.

அறிவியல் என்ன சொல்கிறது? 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அட்டையின் குழி சில சென்டிமீட்டர். ஏழு மீட்டர் ஆசாமி அந்தக் குழியில் தடுக்கி விழமாட்டார். மெல்லிய அட்டை உச்ச ஓசையைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. பேஸைத் தொடவே தொடாது, பக்கத்து வீட்டுக்கு ஒலி போவதையும் தடுக்காது. தடிமனான, காற்று நுழையும் பஞ்சுப்பொருளே ஒலியை விழுங்கும். வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் நூறு அட்டையின் வேலையைச் செய்யும். ஆனால் மெத்தையைச் சுவரில் சாய்த்த வீட்டை ஊர் வேறு விதமாகப் பேசும்.

அட்டைகளின் பிற்கால வரலாறும் சொல்லப்பட வேண்டும். முதல் மாதம் கரப்பான் குடியேறியது. அடுத்து, கரப்பானைத் தேடிப் பல்லி வந்தது. பிறகு குழி ஒன்றில் இரண்டு வெள்ளை முட்டை காணப்பட்டது. அட்டை தன் பிறவிப்பயனை அடைந்துவிட்டதாகக் கணக்கப்பிள்ளை அறிவித்தார். இதன் விளைவாக எழுந்த கண்டன நூலே துறையின் தலையாய ஆவணம் (அம்மாயி, ‘மொத்தத்தையும் கழட்டுங்கறேன்’, மூன்று பாகம்: முதற்பாகம் காபிக்கு முன், இரண்டாம் பாகம் தெருவுக்கும் சேர்த்து அரங்கேறியது, மூன்றாம் பாகம் முழுக்க மௌனத்தில் நிகழ்த்தப்பட்டு, சாப்பாட்டுத் தட்டு வைக்கப்பட்ட ஓசையால் மட்டும் அறியப்படுவது, அரும்பதவுரை சின்ன மாமா, உரை முற்றுப்பெறவில்லை).

இன்னொரு செய்தி. ஒலியை முழுதும் விழுங்கும் பொருளாகச் சபைன் அளவுகோலாக வைத்தது திறந்த சன்னலை. போன ஒலி திரும்பாது அல்லவா? லட்சுமி வருவாள் என்று அந்தி நேரத்தில் அம்மாயி கதவு, சன்னல் எல்லாம் திறந்து வைத்ததை நாம் நெடுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

புள்ளி ஒன்று

ஆறு சிலிண்டர் நான்கு வீச்சு டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் சும்மா ஓடினால், வினாடிக்கு 30 வெடிப்பு. அது 30 ஹெர்ட்ஸ். நல்ல சப்வூஃபர் தொட முயலும் ஆழம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லில், கூடத்தில் கேட்கும் உறுமல் எதனுடையது என்று பிரித்தறிவது பெரும் புலமை. படம் முடிந்தும் தொடர்ந்தால் லாரி. கரண்ட் போயும் தொடர்ந்தால் லாரி. டிரைவர் டீக்குடித்து வந்ததும் நின்றால் சந்தேகமே இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியும் சேர்வதால் அங்கே இந்த முறைகள் செல்லா.

தாழ்ந்த ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சப்வூஃபரை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிறார்கள். எங்கு வேண்டுமானாலும் என்றால் சாலையிலும் வைக்கலாம். எனவே இவ்வட்டாரத்தார் ஐந்து ஸ்பீக்கர் மட்டும் வாங்கினால் போதும்; புள்ளி ஒன்றைத் தேசிய நெடுஞ்சாலை இலவசமாக வழங்குகிறது. இரவு 10 மணிக்குமேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபெல் என்ற 2000-ஆம் ஆண்டின் விதியும் லாரியிடம் எடுபடுவதில்லை.

எஞ்சியவை

சவுண்ட் பார்: ஒரே குச்சியில் ஐந்திணை என்பது திணைமயக்கம், ஆராயத் தகாது.

ப்ளூடூத்: உதடு ஒன்று சொல்ல, குரல் பிந்தி வரும்.

டால்பி அட்மாஸ்: 2012-ல் ‘சிவாஜி 3டி’ இந்தியப் படங்களுக்குக் கொண்டுவந்தது. இதற்குக் கூரையில் இரண்டு ஸ்பீக்கராவது மாட்டுவதென்றால் கூரையில் துளை போட வேண்டும். காலண்டர் மாட்ட ஒரு ஆணிக்கு ஓனரிடம் கொடுத்த மனு நிலுவையில் இருப்பதால் இவ்வியல் இப்போதைக்கு எழுதப்படவில்லை.