மூடுவதற்கு முதலில் ஒரு ரோட்டு வேண்டுமே!

அமெரிக்காவில் ஒரு தெருவை மூட நகரசபை படும் பாட்டைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும். கூட்டம் போட்டு ஊராரிடம் கருத்துக் கேட்க வேண்டும். 'இந்தத் தெரு இனிப் பொதுமக்களுக்குத் தேவையில்லை' என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு பெரும்பாலும் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கத்துக் காணிக்காரருக்குப் பாதி, அந்தப் பக்கத்துக்காரருக்குப் பாதி. நம்மவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலியை நாலடி தள்ளிப் போட்டு முடிக்கிற காரியத்துக்கு இத்தனை ஃபோர்ம்!

நம் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் அந்தத் தலைவலி இல்லை. பிரதேச சபை ஒரு ரோட்டை மூட வேண்டுமென்றால் அது முதலில் சபையின் ரோட்டாக இருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் கதையே.

கதையைத் தொடக்கி வைத்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூவில் நெப்போலியனோடு மோதிவிட்டு வந்தவர், 1824 முதல் 1831 வரை இலங்கையின் தேசாதிபதி. மனிதருக்கு ரோட்டு என்றால் பைத்தியம். கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையைக் குடைந்து பாதை போட்டார். எதற்காம்? இராணுவம் போய்வர. தற்செயலாக, கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் தேசாதிபதிக்குச் சொந்தமாக ஒரு கோப்பித் தோட்டமும் இருந்தது. ஏன், இராணுவம் கோப்பி குடிக்காதா?

அவருக்கு வாய்த்த ஆள் தோமஸ் ஸ்கின்னர். 1820இல் பார்ன்ஸ் பதில் தேசாதிபதியாக இருந்தபோதே இந்தப் பையனைக் கூப்பிட்டு, கொஞ்சம் ஆட்களையும் கொடுத்து, மலையில் ரோட்டுப் போடச் சொல்லிவிட்டார். பையனுக்கு வயது 16. இன்றைக்கு ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற வயது. ரோட்டு எப்படிப் போடுவது என்பது அவனுக்குத் தெரியாது. பார்ன்ஸ் துரைக்கோ அது ஒரு தகுதிக் குறைவாகவே படவில்லை. வேடிக்கை என்னவென்றால், பையன் நிஜமாகவே போட்டுக் காட்டினான். அதோடு விட்டார்களா? கிழவனாகும்வரை அதே வேலைதான்.

ரோட்டு வந்தால் ரோட்டை நாசம் செய்பவர்களும் வர வேண்டுமே. 1848இல் சாமுவேல் பேக்கர் வந்தார். பிற்பாடு ஆப்பிரிக்காவில் ஆறு, ஏரி தேடிப் புகழ் பெற்றாரே, அவரேதான். நுவரெலியாவில் அசல் இங்கிலீஷ் கிராமம் ஒன்றை நட்டுவிடுவது என்று, மாடு, ஆடு, வேட்டை நாய், கொல்லன் என்று கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். கூடவே பெர்க்ஸ் என்றொரு குதிரைக்காரன். பெர்க்ஸுக்குத் தண்ணி பிடிக்கும்; வேகம் அதைவிடப் பிடிக்கும். மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் அப்படியே பள்ளத்தில் இறக்கினான். அடுத்து ஒரு யானையில் ஏறி, அதையும் குதிரை மாதிரியே விரட்டினான். யானை செத்துப் போனது. பேக்கர் இதையெல்லாம் மறைக்காமல் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு ஹட்டன் ரோட்டில் வளைவில் ஓவர்டேக் செய்யும் பஸ்காரரைத் திட்டுகிறோமே, அவருக்குப் பரம்பரை இருக்கிறது!

அதே 1848இல் டொரிங்டன் தேசாதிபதி ஒரு சட்டம் போட்டார். 18 முதல் 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் வருடத்துக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். பிக்குகளையும் விடவில்லை. மாத்தளையில் கலகமே வெடித்தது. டொரிங்டனைச் சீமைக்குத் திருப்பிக் கூப்பிட்டுக் கொண்டார்கள். அந்த ரோட்டு வரியிலிருந்து இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளிக்கு விலக்கு! ஆஹா, என்ன கருணை என்று உருகிவிடாதீர்கள். அவன் வருடம் பூராவும் துரைக்கு வேலை செய்கிறவன். ஆறு நாள் குறைந்தால் நஷ்டம் துரைக்குத்தான்.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. தோட்டத்துக்குள் ரோட்டுகள் முளைத்தன. லொறி போக ஸ்டோருக்கு ஒன்று, துரை போகப் பங்களாவுக்கு ஒன்று. தொழிலாளி குடியிருக்கும் லயத்துக்கு? குறுக்குப்பாதை. அது யாரும் போட்டதில்லை. நடந்து நடந்து தானாக விழுந்தது.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஆக, ரோட்டும் அரசாங்கத்துடையது. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. சபையும் அரசாங்கத்துடையதுதான். அப்புறமென்ன, போட வேண்டியதுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி சபைப் பணம் கிராமத்துக்கு. தோட்டம் கிராமம் இல்லை. அரசாங்கத்தின் வலது கை, அரசாங்கத்தின் இடது கையைச் சொறியக்கூடாது! 1990களில் தோட்டங்களைக் கம்பெனிகளுக்கு 53 வருடக் குத்தகைக்கும் கொடுத்தார்கள். இப்போது சொறிய மூன்றாவது கையிடமும் கேட்க வேண்டும்.

தோட்டத்துச் சனம் ஓட்டுப் போட்டது, உறுப்பினரைத் தெரிவு செய்தது, அவருக்கு மாலையும் போட்டது. மாலையைக் கழற்றிய கையோடு அவர் பணிவாகச் சொல்வார்: "சட்டத்துல இடமில்லீங்களே." 2018இல் ஒருவழியாக அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். 'தோட்டத்திலும் மனிதர் இருக்கிறார்கள்' என்பதைக் கண்டுபிடிக்கச் சட்டத்துக்கு 31 வருடம். நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பெரிய சபைகளைப் பிரித்து, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியாவையும் சேர்த்து ஆறாக்கியதும் அந்தக் காலத்தில்தான். ரோட்டுக்கு முன்னால் தவிசாளர்கள் பெருகினார்கள்.

இன்றைக்கும் ஒரு தனியார் ரோட்டைச் சபை தன்னுடையதாக்க வேண்டுமென்றால் வர்த்தமானி, ஆட்சேபணை என்று ஒரு சடங்கு இருக்கிறது. மூடுவதெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய ஆடம்பரம். தென்மேற்குப் பருவமழைக்கு இந்தச் சடங்கெல்லாம் தெரியாது. ஒரே ராத்திரியில் மண்ணைச் சரித்து மூடிவிட்டுப் போகும்.

நடுவில் அங்கங்கே கொஞ்சம் கொங்கிரீட். திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல்லும் உண்டு. சில இடங்களில் ரோட்டை விடக் கல் உறுதி. கொங்கிரீட் முடிகிற இடத்தில் ஓட்டோ நிற்கும். "இனித் தோட்டத்து ரோட்டுங்கண்ணே, நூறு ரூவா கூடத் தரணும்" என்பார் டிரைவர். வர்த்தமானியைப் புரட்டாமலே எல்லை தெரிந்த ஒரே அதிகாரி!