லக்சம்பர்க்கின் கடல்

1970 ஜூன் 30. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கையும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ப்பதற்கான பேச்சு லக்சம்பர்க்கில் தொடங்கிய நாள். அதே நாளில் உள்ளே இருந்த ஆறு நாடுகளுக்கும் திடீரென்று ஞானம் பிறந்தது: உறுப்பு நாடுகளின் கடல் எல்லோருக்கும் பொது, யாரும் யார் கடலிலும் வலை வீசலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இழுத்தடித்த விஷயம், மீன் செழித்த நான்கு கடல்கள் வாசலுக்கு வந்ததும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. என்ன சுறுசுறுப்பு!

அந்த ஆறில் லக்சம்பர்க்கும் ஒன்று. அதற்குக் கடலே கிடையாது. கடலைப் பொதுவாக்க அதுவும் கை தூக்கியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பிரிட்டன் பிரதமர் எட்வர்ட் ஹீத்துக்கு எப்படியாவது சேர்ந்தாக வேண்டும். மீனவன் அவர் கணக்கில் சில்லறை. கரையோரத்துக்கு மட்டும் பத்தாண்டுச் சலுகை வாங்கிக்கொண்டு 1973இல் உள்ளே போனார்.

1983இல் மீனைப் பங்கு பிரித்தார்கள். யாருக்கு எவ்வளவு? பெரும்பாலும், முன்பு யார் எவ்வளவு அள்ளினார்களோ அந்தக் கணக்குப்படி. சின்னப் படகில் அளவோடு பிடித்தவன் செய்த குற்றம், அன்றைக்கே பேராசைப்படாததுதான்.

1986இல் ஸ்பெயின் வந்தது. வெறுங்கையோடு அல்ல, மிகப் பெரிய மீன்பிடிக் கப்பல் கூட்டத்தோடு. உடனே சமத்துவம் நீண்ட விடுப்பில் போய்விட்டது. ஸ்பெயினுக்கு 300 கப்பல்களின் பெயர்ப்பட்டியல். அதிலும் ஒரே நேரத்தில் பாதிதான் கடலில் இறங்கலாம். அயர்லாந்தைச் சுற்றிய கடல் 1995 முடியும்வரை பூட்டு. அடுத்தவன் கடலில் நாம் இறங்கினால் கொள்கை. நம் கடலில் அடுத்தவன் இறங்கினால் ஆபத்து! ஸ்பானியர்களும் லேசுப்பட்டவர்களா? கப்பல்களை பிரிட்டனில் பதிந்து, பிரிட்டன் கொடியின் கீழ் பிரிட்டனின் பங்கையே அள்ளினார்கள். தடுக்க பிரிட்டன் 1988இல் போட்ட சட்டத்தை ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாது என்றது.

நார்வே மக்கள் 1972இல் வேண்டாம் என்றார்கள். மறுபடி பேசப் போன மீன்வள அமைச்சர் ஓல்சன், கொடுக்க மீன் இல்லை என்று கைவிரித்தே பட்டப்பெயர் வாங்கினார். 1994இல் மக்கள் மறுபடியும் வேண்டாம் என்றார்கள். கிரீன்லாந்து 1985இல் உள்ளேயிருந்து வெளியேறியது. வங்கிகள் கவிழ்ந்த பயத்தில் 2009இல் மனுப்போட்ட ஐஸ்லாந்து, மீன் பற்றிய அத்தியாயத்தைத் திறக்கும் முன்பே பேச்சை நிறுத்தி, 2015இல் ஆளை விடுங்கள் என்றது.

வட அட்லாண்டிக்கில் மீன் செழித்த இந்த மூன்றும் இன்றுவரை வெளியேதான் இருக்கின்றன.