மூன்று சத்திரம் உள்ள பாதை

கேள்வி: தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழநிக்கு நண்பர்கள் ஐந்து பேர் நடக்கப் போகிறோம். ரெட்டியார்சத்திரம் வழியா, செம்பட்டி வழியா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. எது நல்லது?

பதில்: ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி... பெயரிலேயே மூன்று சத்திரத்தை வைத்திருக்கும் பாதையை விட்டுவிட்டு வேறு எங்கே போவீர்கள்! மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். செட்டிநாட்டு நகரத்தார் காவடிகளும் நத்தம், திண்டுக்கல் கடந்து பழநிக்கு நடக்கிற காலம் அது, துணைக்குப் பஞ்சமில்லை. இரவில் நடந்தால் முதுகுப் பையில் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். லாரிக்காரர் கண்ணுக்கு இருட்டில் பச்சை வேட்டி தெரியாது. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் யாராவது ஒருவன் செருப்பைக் கழற்றிக் குதிகால் கொப்புளத்தைத் தடவிப் பார்ப்பான். அவனை முன்னால் விடுங்கள். அவன் வேகம்தான் ஐந்து பேருக்கும்.