தீப்பிடிக்க விரும்புவோர் கவனத்துக்கு

நம் ஊருக்குப் புதிய தீயணைப்பு நிலையம் வரப்போகிறது. ஆகவே குடிசைகள், ஜவுளிக்கடைகள், பட்டாசுக் கிடங்குகள், கல்யாண மண்டபங்கள் அனைத்தும் திறப்பு விழா முடியும்வரை தீப்பிடிக்காமல் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றன.

பழைய நிலையம் வாடகைக் கட்டடம். மழை வந்தால் கூரை ஒழுகும். தீயணைப்புத் துறைக்குத் தண்ணீர் வசதி இல்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. வண்டி தெருவுக்கு வர பூக்கடை, பழக்கடை, கட்சிக் கொடிக்கம்பம் மூன்றும் வழிவிட வேண்டும். முதல் இரண்டும் விட்டுவிடும்.

புதிய நிலையத்துக்குப் பார்த்த புறம்போக்கு, ஏரிக்குள் இருந்தது. கோப்பு வருவாய்த் துறைக்குப் போயிற்று. அங்கிருந்து பொதுப்பணித் துறைக்கு. 'விளக்கம் தேவை' என்ற குறிப்போடு திரும்பவும் வருவாய்த் துறைக்கு. மதிப்பீடு தயாராவதற்குள் சிமெண்ட் விலை ஏறிவிடும். திருத்திய மதிப்பீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விடுவார். அடிக்கல் மட்டும் இரண்டு முறை நாட்டியாயிற்று. இரண்டு ஆட்சி, இரண்டு கல்வெட்டு. சட்டசபையில் முறைத்துக்கொள்கிறவர்கள் இங்கே கருவேலம் புதருக்குள் அருகருகே சுமுகமாக நிற்கிறார்கள்.

எரிவதில் மட்டும் நமக்குத் தாமதமே கிடையாது. 2001இல் ஏர்வாடி: சங்கிலியில் கட்டிப்போட்ட மனநோயாளிகள் 28 பேர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணத்துப் பள்ளிக்கூடம்: 94 குழந்தைகள். அதற்கு விசாரணைக் கமிஷன் சட்டென்று அமைந்தது. அமையாதா? கமிஷனுக்கு நிலம் எடுக்க வேண்டாம், ஏணி வாங்க வேண்டாம், தீயணைப்பு வீரர்களை நியமிக்க வேண்டாம். பிள்ளைகள் கரிக்கட்டையான பிறகுதான் பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கொட்டகை எரியும் என்பது ஆள்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றே ஊருக்கு ஊர் நிலையம் எழும்பியிருக்கும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட 66 வீரர்களின் நினைவு. அந்த வாரம் பிரமுகர்கள் வருவார்கள், எண்ணெய்ச் சட்டித் தீயை வீரர்கள் அணைப்பதைப் பார்த்துக் கைதட்டுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வீரர்கள் ஒழுகும் கூரைக்கடியில் படுக்கப் போவார்கள். அங்கே எட்டிப்பார்த்த பிரமுகரை இதுவரை கண்டதில்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் மூன்றாவது அடிக்கல்லுக்குத் தேதி சொல்வார். தேதி வேண்டாம், நிலத்தின் சர்வே எண்ணையும் ஒதுக்கிய பணத்தின் அரசாணையையும் கேளுங்கள்.