பெட்டித்திணை: வெள்ளவத்தையில் கடைசி மூன்று கிழமை

தொல்காப்பியர் முல்லைக்குக் காடும் குறிஞ்சிக்கு மலையும் மருதத்துக்கு வயலும் நெய்தலுக்குக் கடற்கரையும் எழுதி வைத்தார். பாலைக்கு மட்டும் நிலம் எழுதவில்லை. பிரிவதற்கு எந்த இடமும் போதும் என்று விட்டிருக்கலாம். கொழும்பு 06 அப்போது இல்லை என்பதும் ஒரு காரணமாகலாம். உரைகாரர்களும் கொழும்பைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டதால், அந்த வெற்றிடத்தை இக்கட்டுரை நிரப்புகிறது. பாலைக்கு நிலம் உண்டு. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில், சாப்பாட்டு மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே, இரண்டு சூட்கேஸ்கள் வாய் பிளந்து கிடக்கும் ஆறடிக்கு நாலடி அது.

அறிஞர்கள் உடனே ஆட்சேபிப்பார்கள். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் இருக்கிறது, அதையொட்டி ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஆகவே இது நெய்தல் என்பார்கள். சரிதான். நெய்தலில் பாலை ஒழுக்கம் நடப்பதற்குத் திணைமயக்கம் என்று பெயர், இலக்கணம் அதை அனுமதித்திருக்கிறது. பெரும்பொழுது, வெளிநாட்டுப் பிள்ளை திரும்பிப் போவதற்கு முந்திய மூன்று கிழமை. சிறுபொழுது, பின்னேரம் ஐந்தரை முதல் எட்டு வரை. அப்போதுதான் ஆட்கள் கையில் சொப்பிங் பையோடு லிஃப்டில் ஏறி வருவார்கள். மரம் பனை. உணவு ஒடியல் மா. பறை, பழுப்பு ரேப்பை உருளையிலிருந்து இழுக்கும்போது வரும் கிரீச்சொலி.

ஆய்வாளரின் தகுதி பற்றி ஒரு சொல். நான் கந்தோர் ஒன்றில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வூதியக்காரனுக்கு இருக்கும் நேரம் எந்தப் பேராசிரியருக்கும் இல்லை. ஆய்வுப்பொருள், ரொறன்ரோவில் படிக்கும் என் மருமகள், அக்காவின் மகள், வயது 21. ஒரு செமிஸ்டர் கொழும்பில் படிக்கவென்று பங்குனியில் வந்து, ஆடியில் திரும்பினாள். முதல் மூன்று மாதமும் அவள் மாணவி. குமாரதுங்க முனிதாச மாவத்தைக்கு, அதாவது பழைய ஆட்கள் இன்னும் தேர்ஸ்ரன் ரோட் என்று சொல்லும் தெருவுக்கு, பஸ்ஸில் போனாள், வந்தாள், குறிப்பெடுத்தாள். கடைசி மூன்று கிழமையில் அவள் வாகனமானாள். இந்த நிலைமாற்றம் எந்த நாளில் நடக்கிறது என்பதே ஆய்வின் முதற் கேள்வி. விடை: டிக்கெற் திகதியை அவளுடைய அம்மா ஸ்காபுரோவில் ஒரு கலியாண வீட்டில் வாய் தவறிச் சொன்ன நாளில்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே கொக்குவிலிலிருந்து ஒரு போன். "பிள்ளை போகுதாமே, ஒரு சின்னச் சாமான், கன பாரமில்லை."

இந்தக் 'கன பாரமில்லை' என்ற சொற்றொடரை விரித்துப் பார்க்க வேண்டும். அகராதிப் பொருள் இலேசானது என்பது. வழக்குப் பொருள் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாதது. 'பஞ்சு மாதிரி' என்றால் இரண்டு. 'கையிலேயே கொண்டு போகலாம்' என்பதற்கு எங்கள் வீட்டில் கிடைத்த அதிகபட்ச அளவு மூன்று கிலோ நூறு கிராம்: ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, மூன்றாய்க் கழற்றியது, பழைய வேட்டியில் சுற்றியது. வந்தவற்றில் மற்றவை: புழுக்கொடியல் இரண்டு கட்டு, பனங்கட்டிக் குட்டான் பத்து, வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், பருத்தித்துறை வடை ஒரு பிஸ்கற் ரின் நிறைய, சமகன் பெட்டி ஆறு, சித்தாலேப எண்ணவில்லை. நெத்தலிக் கருவாட்டை ஏழு உறையில் போட்டு ஒவ்வொன்றையும் ரேப்பால் சுற்றிக் கொண்டு வந்த பெரியவர், "மணக்காது" என்று உறுதி சொன்னார். லிஃப்டில் அவருடன் ஏறிய கீழ்மாடிக்காரர் வேறு கருத்துடையவர்.

ஒவ்வொரு பொதியிலும் நீல மார்க்கரால் முறையும் ஊரும் எழுதியிருக்கும். 'பெரியக்கா, மார்க்கம்.' 'சின்னமாமி, மொன்றியல்.' ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். "கனடாதானே" என்றார்கள்.

இனி எண். ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதை வேதவாக்காகக் கொள்கிறோம். அது உண்மையில் 50 இறாத்தல், அதாவது 22.68 கிலோ, பெருந்தன்மையோடு நிமிர்த்தப்பட்டது. 32 கிலோவைத் தாண்டினால் காசு கட்டினாலும் ஒரு பெட்டியாக ஏற்றமாட்டார்கள், அது தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காப்பதற்காக. கொக்குவிலில் இருப்பவருக்கு இந்த இரண்டு எண்ணும் தெரியும். தெரிந்துகொண்டுதான், தன்னுடைய பொதி மட்டும் கணக்கில் வராது என்று நம்புகிறார். அப்படி நம்புகிறவர்கள் எங்கள் குறிப்பேட்டின்படி 19 பேர்.

இத்தனை பொதிகளுக்கும் நடுவே ஒன்று மட்டும் தனி இனம், தூள். அதை யாரும் கொண்டு வந்து தருவதில்லை, வீட்டில் செய்ய வேண்டும். மேற்பார்வை வட்ஸ்அப் வீடியோவில், கனடாவிலிருந்து அக்கா. மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேணும், சேர்த்து வறுத்தால் மல்லி சிவக்கும் முன் வெந்தயம் கருகிக் கசக்கும். செத்தல் மிளகாய் சட்டியில் விழுந்ததும் நாலாம் மாடி முழுக்கத் தும்மியது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அக்கா போனுக்குள் இருந்து நிறம் பார்த்தாள். "மணம் எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

மில்லில் முக்கியமான விஷயம் நமக்கு முன்னால் யார் அரைத்தார் என்பது. குரக்கன் அரைத்தவருக்குப் பின்னால் போனால் நம் தூளில் குரக்கன். ஆகவே மனைவி ஒரு மஞ்சள்காரரைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு பேரை முன்னால் விட்டாள். மில்காரர் மரக்கட்டையால் வாயைத் தட்டித் தட்டி இறக்கினார். தூள் கை சுடும் சூட்டில் வந்தது. அதை உடனே கட்டக்கூடாது. வேர்த்துக் கட்டி பிடித்துவிடும். வீட்டுக்குக் கொண்டு வந்து, வீரகேசரியை நிலத்தில் விரித்து அதில் கொட்டி, மின்விசிறியை நிற்பாட்டி, எல்லாரும் அடுத்த அறைக்குப் போய் அதை ஆறவிட்டோம். மருமகள் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, பேபி நித்திரை கொள்ளுற மாதிரி எல்லாரும் மெல்லமாக் கதைக்கிறீங்கள்."

அந்த இரவு அவளுக்கு ஒரு படம் வந்தது. அவளுடன் படிக்கும் தோழி ஒருத்தி அதே செமிஸ்டரைக் கரீபியன் கடலில், மார்ட்டினிக் தீவில் கழித்துவிட்டு அதே நாட்களில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். படத்தில் மஞ்சள் தூள் பாக்கெற் ஒன்று. அதன்மேல் பெரிதாக எழுதியிருந்த பெயர்: கொழும்பு.

ஆய்வு இங்கே கடல் கடக்க நேர்கிறது. பிரெஞ்சுக்காரர் அடிமை முறையை 1848இல் ஒழித்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆளில்லாமல் போயிற்று. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்ட்டினிக் சேர்ந்தது; அடுத்த வருடக் கடைசியில் அதே கப்பல் குவாடலூப்புக்கும் போனது. பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து போனவர்களில் தமிழர் ஏராளம். இன்று அந்தத் தீவுகளில் ஆட்டிறைச்சியோ கோழியோ போட்டு வைக்கும் கறிக்கே 'கொலம்போ' என்றுதான் பெயர், அதன் தூளுக்கும் அதே பெயர். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு. சிலர் வறுத்த அரிசியும் சேர்ப்பார்கள். உறைப்பு நம்முடையதில் கால்வாசியும் இராது. பெயர் எங்கிருந்து வந்தது? கொழும்புத் துறைமுகத்திலிருந்து என்பது ஒரு கட்சி. குழம்பு என்ற சொல்தான் பிரெஞ்சு வாயில் அப்படியாயிற்று என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. துறைமுகத்தின் பெயரை யாரும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டதில்லை.

ஆனால் துறைமுகத்தின் பெயரே சாப்பாட்டிலிருந்துதான் வந்தது என்று சொல்லவும் ஆள் உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், இலை மட்டும் விட்டுக் காய்க்காத ஒரு மாமரத்திலிருந்து கொழும்பு பெயர் பெற்றதாக எழுதுகிறார். காய்க்காத மா இங்கே. காய்க்கிற கறுத்தக்கொழும்பான் யாழ்ப்பாணத்தில். அதுவும் ஆறு வந்தது, வைக்கோலில் பொதிந்து. பழத்தைக் கொண்டுபோக விடமாட்டான் என்று அக்கா கத்தியதால், மருமகள் ஆறையும் குசினித் தொட்டியில் குனிந்து நின்று, முழங்கை வழியாகச் சாறு ஒழுகத் தின்று முடித்தாள். வயிற்றில் போவதை எயார்லைன்காரன் நிறுப்பதில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போனது ஆய்வுத் திட்டத்தில் இல்லை. போகிறதுக்கு முந்தி சிவன் கோயில் திருநீறு வேண்டும் என்று மனைவி சொன்னதால் 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தோம். பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தகப்பன் பொன்னம்பல முதலியார் 1857இல் கட்ட, மகன் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திரும்பக் கட்டினார். குளிர்ந்த கல்லைத் தடவிப் பார்த்து, "இது எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டாள் மருமகள். மூன்று கிழமையில் அவளுக்கு எல்லாமே நிறையாகிவிட்டது.

திரும்பும்போது ஜம்பட்டா வீதியில் ஓர் இடத்தில் நிற்பாட்டச் சொன்னேன். இப்போது கீழே போன் கடை. 1989இல் அது லொட்ஜ், மேல்மாடியில் மூன்றாவது அறையில் அக்கா ஐந்து மாதம் இருந்தாள். அந்தக் காலத்து வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் காத்திருக்கிறவர்களின் ஊர். ஏஜென்சிக்காரன் எப்ப சொல்லுவான் என்று தெரியாது, சொன்னால் அன்றிரவே. அக்காவுக்குச் சொன்னபோது, "ஒரு தோள்பாக் மட்டும். தூள் கீள் ஒண்டும் வேண்டாம், மணத்தில பிடிபடுவியள்" என்றான். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய அரைக் கிலோத் தூளை அக்கா ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். நான் போய் எடுத்து வந்தேன். உடைக்க மனம் வரவில்லை. கடைசியில் வண்டு பிடித்தது.

பெட்டியியல் வரலாற்றில் இதைவிட மோசமான காலமும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை, சில நிமிஷத்தில் சாமான் கட்டச் சொல்லிப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அவர்கள் எத்தனை கிலோ கட்டினார்கள் என்று யாரும் நிறுக்கவில்லை.

மருமகள் போன் கடையை ஒரு படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது: "தூள் ஆறின பிறகுதானே கட்டினனீங்கள்?"

கடைசி இரவு. நிறுத்தல் கருவி, புறக்கோட்டையில் வாங்கிய கொழுக்கித் தராசு; வில்லும் முள்ளும் உள்ளது, அரைக் கிலோக் கோடுகள் போட்டது. முறை: நான் கதிரையில் ஏறித் தராசைப் பிடிக்க, மருமகள் பெட்டியை அடியில் தாங்கி மெல்லக் கைவிட, மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு முள்ளை வாசிப்பாள். முதற் பெட்டி 23. இரண்டாவது 27. எதை எடுப்பது என்ற விவாதம் இரவு பதினொன்று முதல் ஒன்று வரை. மொன்றியல் சின்னமாமியின் வடகத்தை எடுத்தால் கொக்குவிலில் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இராது. குத்துவிளக்கின் அடிப்பாகத்தை எடுத்தால் மிச்சம் இரண்டும் நிற்காது. மருமகள் தன்னுடைய சப்பாத்தை எடுத்தாள், இரண்டு ஜீன்ஸை எடுத்தாள், நாலு மாதம் கீறிக் கீறிப் படித்த தடித்த புத்தகத்தை எடுத்தாள். 23.5. அந்தச் செமிஸ்டரின் கடைசிக் கட்டுரையை அன்று பின்னேரம்தான் கணினியில் அனுப்பியிருந்தாள். எட்டாயிரம் சொல். ஒரு கிராம் இல்லை.

அரைக் கிலோ இன்னும் கூட. பெட்டியில் சரியாக அரைக் கிலோவாக இருந்த பொருள் ஒன்றுதான். தூளை அரை அரையாய் ஆறு பாக்கெற் கட்டியிருந்தோம். ஒன்றை எடுத்து மனைவி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். முள் 23க்கு வந்தது. ரேப் கிரீச்சிட்டது.

இரண்டு மணிக்கு வான் வந்தது. கட்டுநாயக்காவுக்கு அதிவேகப் பாதை போட்ட பிறகு, 2013க்குப் பின், வழியில் அழுவதற்கு நேரம் போதாது. பழைய நீர்கொழும்பு வீதியில் தாராளமாக அழலாம். விமான நிலைய வாசலில் மருமகள் கட்டிப்பிடித்தாள், அவள் சட்டையில் வறுத்த மல்லி மணத்தது. அரை மணித்தியாலம் கழித்து உள்ளேயிருந்து போன் எடுத்தாள்.

"மாமா, இரண்டாவது பெட்டி இருபத்திரண்டரைதான் காட்டுது. மற்றதும் அப்பிடித்தான்."

வீட்டுக்கு வந்ததும் தராசை வெறுமையாகத் தூக்கிப் பிடித்தேன். முள் அரையில் நின்றது.

மத்தியானம் சமைக்கப் போன மனைவி, போத்தலில் தூள் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொன்னாள். ஜன்னலைத் தாண்டித்தான் குசினிக்குப் போக வேண்டும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே கடைக்குப் போனேன்.